பெருக்கி வைத்த பாறை

மாசியில், இந்தப் பக்கத்துக் கணக்கில் கும்ப மாதத்து வெயில் விழுந்தால் உணக்குப்பாறையில் காலை எட்டு மணிக்கே வெறுங்கால் வைக்க முடியாது. மண்முற்றத்தில் காய்கிற கிழங்குக்கு வெயில் மேலே மட்டும்தான். பாறையில் காய்கிற கிழங்குக்கு மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. கறுத்த பாறை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். மேற்கே கடலிலிருந்து வருகிற காற்றை மறிக்க அங்கே ஒரு மரமில்லை. அதனால் முற்றத்தில் ஆறு நாள் கிடந்தும் நடுவில் நெகிழ்ந்தே இருக்கிற, சீவி அவித்த வாட்டுக்கிழங்கு, பாறையில் மூன்றே நாளில் இறுகிவிடும். அள்ளிக் குலுக்கினால் ஓட்டுச் சில்லுபோலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஒரு வருடத்துக்குப் பூச்சி அண்டாது.

சரோஜத்துக்கு அந்தச் சத்தம் கட்டாயம் வேண்டியிருந்தது. அவள் கணவன் தங்கையன் பனையிலிருந்து விழுந்து இரண்டு வருடமாகிறது. இடுப்பெலும்பு ஒட்டிவிட்டது, ஆனால் கோணலாக ஒட்டிவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை எதையும் செய்வான். ஏறவும் சுமக்கவும் ஆகாது. கொல்லயில் பக்கம் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த விளையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தார்கள். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தால் இந்தப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்குக் கூலிவேலை கிடையாது. அந்த இரண்டு மாதமும் சரோஜமும் தங்கையனும் மகள் பிரேமகுமாரியும் தின்பது கும்பத்திலும் அடுத்த மாதமான மீனத்திலும் உணக்கி, காயவைத்து எடுக்கிற கிழங்கைத்தான். போன வருடம் அது குறைந்துபோய், மிதுன மாதத்தில் பதினேழு நாள் காலைக்கஞ்சியை விட்டிருந்தார்கள்.

பாறை யாருடையதும் அல்ல, புறம்போக்கு. பதினோரு வீட்டுக்காரர்கள் அதில் கிழங்கு உணக்கினார்கள். சரோஜம் கல்யாணமாகி வந்த வருடம், விரிக்கிற இடத்துக்காக இரண்டு வீட்டு ஆண்கள் வெட்டுக்கத்தியோடு நின்றதைப் பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில் அவள் தனியாகப் போய்ச் சின்னக் கற்களைப் பொறுக்கி வரிசை வைத்துப் பாறையைப் பதினொன்றாகப் பிரித்தாள். தின்கிற வாய் அதிகமுள்ள வீட்டுக்கு அகலம் அதிகம். ‘இது ஆரு வச்ச கல்லு?’ என்று கேட்டவர்கள்கூட அதைத் தாண்டி விரிக்கவில்லை. அதற்குப் பிறகு பாறையில் எந்த வழக்கு வந்தாலும் ‘சரோஜத்திட்ட கேளு’ என்று ஆகிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியபோதும் அப்படித்தான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பாறையின் மேற்கு விளிம்பில் நின்று சூரியன் கடலில் இறங்குவதைக் காட்டினார். அது வாய்வழியாகப் பரவி, கன்னியாகுமரிக்குப் போகிற கார்க்காரர்கள் காங்கிரீட்டு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறி வந்தார்கள். முதலில் அவர்கள் கிழங்கை மிதித்தார்கள். சரோஜம் சண்டை போடவில்லை. மேற்கு விளிம்பில் பத்துமுழ அகலத்தை வெறுமையாக விட்டாள். அங்கே போக ஓலைக்கீற்று விரித்து ஒரு நடைபாதை வைத்தாள். பாறையில் இரண்டு சுனை உண்டு; மேல்சுனை குடிக்க, கீழ்ச்சுனை கால் கழுவ என்று வழக்கப்படுத்தினாள். கிழங்கைப் பனிக்கு முன்னால் நாலு மணிக்கே குவித்து ஓலை மூடிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் வருவதும் நாலு மணிக்குப் பிறகுதான். ஆக ஒரே பாறை பகலில் கிழங்குக்கும் சாயங்காலத்தில் விருந்தாளிக்குமாக, உரசாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருந்தது. பிஷப்போ சாமியாரோ பெரிய உத்தியோகஸ்தரோ வருகிறார் என்று முன்கூட்டியே ஆள் வந்து சொன்னால், அன்று பாறையை முழுக்க ஒழித்துக் கொடுப்பார்கள். ஓலைநடையை மட்டும் விட்டு, கிழங்கு, மூடுகிற ஓலை, வரிசைக்கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈர்க்கில் விளக்குமாற்றால் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். வருகிறவரின் கண்ணில் ஒரு தும்பு படக்கூடாது. அது அவருக்குச் செய்கிற மரியாதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிராமத்துப் பகுதிக்கச்சேரியில் சேவகம் பார்க்கிற கனகதாஸ் பாறையேறி வந்தான். முதல்நாள் காலையில் விரித்த கிழங்கைச் சரோஜமும் பக்கத்து வீட்டுச் சௌதாமினியும் பலகையால் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சரோஜம் அக்கா, சோலி நடக்கட்டு. ஒரு காரியம் பறஞ்சிட்டுப் போலாம்ணு வந்தேன்.”

“அங்ஙன நிண்ணு பறையாத. காலு வெந்து போவும். ஓலைமேல ஏறி நில்லு.”

அவன் ஏறி நின்றான். “வியாழாச்ச திருவனந்தரத்துல இருந்து ஒரு ஆப்பீசர் வாறார். பாறையப் பாக்க.”

“எல்லாரும் பாறையப் பாக்கத்தானே வாறாவ. இவரு மட்டும் என்னத்துக்கு முன்கூட்டி ஆளு விடுதாரு?”

“இவரு அஸ்தமயம் பாக்க வரல்ல. எழுத வாறார். கன்னியாகுமரி அந்தப் பக்கம் போவப் போவுதுல்லா? இனி நம்ம சர்க்காருக்கு வெளியூர்க்காரன கூட்டீட்டுப் போயிக் காட்டதுக்கு ஒரு இடம் வேண்டாமா? இந்தப் பாறைய நோக்கி வச்சிருக்காவளாம். ஒரு மண்டபம், சிமிந்து பெஞ்சு, சுத்தி கம்பிவேலி. ஆருக்காவது ஆட்சேபணை உண்டா, ஆராவது உபயோகிக்கியாவளாண்ணு பாத்து எழுதீட்டுப் போவாராக்கும்.”

சௌதாமினி பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் வீட்டில் மலையாளம், சரோஜத்திடம் தமிழ். “வேலி கெட்டினா நாங்க எதுவழியா ஏறியது?”

“அத அவருட்ட கேளுங்க. எனக்கு வாற வியாழாச்ச வரைக்கும் உள்ளதுதான் தெரியும்” என்றான் கனகதாஸ். “எனக்க சோலியே அந்தப் பக்கமா இந்தப் பக்கமாண்ணு இன்னும் எழுதி வரல்ல.”

மாநிலங்களைப் பிரிக்கிற அறிக்கை வந்து ஐந்து மாதமாகியிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை ராஜ்யத்துக்கு, இந்த ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கத்திலேயே. கோடு பாறசாலைக்குத் தெற்கே விழும் என்று ஆகிவிட்டது. கோட்டுக்கு வடக்கே மாட்டிக்கொண்ட தமிழர்கள் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோஜத்தின் தம்பி ராஜதாஸ் அதில் ஒருவன். ஐம்பத்திநாலில் நடந்த போராட்டத்தில் போலீஸ் அடித்ததில் இடதுகைச் சுண்டுவிரல் மடங்காமல் போனது. அன்று சாயங்காலம் சேதி கேட்டு அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். தங்கையன் முற்றத்தில் பலகையில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். சௌதாமினியும் இருந்தாள்.

“அக்கா, கெழங்க எடுக்கப்பிடாது” என்றான் ராஜதாஸ். “பாறை நெறைய கெடக்கட்டு. பதினோரு வீட்டாளும் மேல நிக்கணும். நான் பத்துப் பயலுவளக் கூட்டீட்டு வாறேன். கொடியும் புடிச்சு, தமிழனுக்க பாறை தமிழனுக்குண்ணு ஒரு விளி விளிச்சோம்ணா ஆப்பீசரு ஜீப்புல ஏறிருவாரு.”

“பத்துப் பயலுவளுக்க இருவது காலும் எனக்க கெழங்குலதான் நிக்கும்” என்றாள் சரோஜம்.

சௌதாமினி கேட்டாள்: “ராஜதாசே, அப்ப எனக்க கெழங்கு மலையாளக் கெழங்கா? அதை எங்க கொண்டு போட?”

“சேச்சிய ஆரு சொன்னா?”

“தமிழனுக்குண்ணு விளிக்கும்ப நான் வாய மூடீட்டு நிக்கணுமா, கூட விளிக்கணுமா? அதச் சொல்லு.”

தங்கையன் சிரித்துவிட்டான். ராஜதாஸ் சிரிக்கவில்லை. “இவியளுக்கு எல்லாம் வெளையாட்டு. அத்தான், நீங்களாவது சொல்லுங்க.”

“கொடி வந்தா போலீசு வரும் மக்கா” என்றான் தங்கையன், கையிலிருந்த கிழங்கைப் பார்த்தபடி. “போலீசு வந்தா நீ ஓடுவ. பாறையும் ஓடாது, நானும் ஓட மாட்டேன்.”

சரோஜம் அதற்குள் யோசித்து முடித்திருந்தாள். அவளுக்கு அந்தக் கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. வருகிறவர் பாறையைப் பார்க்க வருகிறார். பாறை முழுக்க ஈரக்கிழங்கும் ஓலையும் ஈயுமாகக் கிடந்தால் என்ன எழுதுவார்? ஊர்க்காரர்கள் இடத்தைக் குப்பையாக்கி வைத்திருக்கிறார்கள், வேலி கட்டுவதே நல்லது என்று எழுதுவார். கண்ணாடிபோல் இருந்தால், இவர்களே நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், வேலி எதற்கு என்று எழுதுவார். பெரிய மனிதர் வரும்போது ஒழித்துக் கொடுக்காவிட்டால் அது வேறு மரியாதைக்கேடு.

“ஒழிச்சிருவோம்” என்றாள். “வந்து பாத்துட்டுப் போவட்டு. ஒருநாள்தானே.”

“அக்கா, நீ செய்யியது சரியில்ல.”

“உனக்க கூட்டத்துல நிக்க மாட்டேண்ணுதானே சொன்னேன். உனக்குச் சோறு வைக்க மாட்டேண்ணு சொல்லல்ல. இரு, தின்னுட்டுப் போ.”

அவன் தின்னாமல் போனான்.

புதன்கிழமை பாறையை ஒழித்தார்கள். மூன்றாவது வெயிலுக்கும் காத்திருந்தால், அள்ளி இறக்கிப் பெருக்கி முடிப்பதற்குள் இருட்டிவிடும் என்று காலையிலேயே தொடங்கினார்கள். இரண்டு வெயில் கண்ட கிழங்கு அது. கிழங்கு உணங்குவதில் அதுதான் மோசமான பருவம். முதல்நாள் என்றால் முழுதும் ஈரம், எடுத்தால் திரும்ப விரிக்கலாம். மூன்றாம்நாள் என்றால் வேலை முடிந்தது. இரண்டாம்நாள் முடிவில் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே அவித்த ஈரம் அப்படியே இருக்கும், குவித்தால் வியர்க்கும். சரோஜத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ‘ஒருநாள்’ என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு வீட்டுப் பெண்களும் கடவம் என்கிற ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்தார்கள். பாறையிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற ஒற்றையடிப்பாதையில் சுமையோடு இறங்குகிறவளும் வெறுங்கடவத்தோடு ஏறுகிறவளும் ஒதுங்க ஒரு பலாமரத்து மூடுதான் உண்டு. சரோஜம் அங்கே நின்று, ‘நீ எறங்கு, நீ நில்லு’ என்று வழி பிரித்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் கடைசிக் கடவமும் இறங்கியது. முற்றங்களில் விரித்தார்கள். ஆனால் எந்த முற்றத்திலும் தென்னை நிழல் விழாத இடம் ஒரு பாய் அகலத்துக்கு மேல் இல்லை. மிச்சத்தை வீட்டுக்குள் பாயில் பரப்பினார்கள். பிறகு வரிசைக்கல்லையும் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கினார்கள். பிரேமகுமாரி பெருக்கினாள், சரோஜம் பின்னாலேயே தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாள். பாறை சுத்தமாக, கழுவின யானைமுதுகுபோலக் கிடந்தது.

“ஆளு இருந்த எடமாவே தெரியல்ல பாத்தியா” என்றாள் சௌதாமினி, சந்தோஷமாக.

வியாழக்கிழமை ஆப்பீசர் வரவில்லை.

காலையில் வெளுத்த வேஷ்டியும் சேலையுமாகப் பதினோரு வீட்டாரும் பாறையில் காத்திருந்தார்கள். கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. பத்து மணி பஸ் போயிற்று, ஒரு மணி பஸ் போயிற்று. எரிகிற வெயில். பாறை சூடேறிக்கொண்டே இருந்தது. வெறும் பாறையில் அந்த வெயில் விழுந்து கிடப்பதைச் சரோஜத்தால் பார்க்க முடியவில்லை. மத்தியானம் ஒருத்தி கேட்டாள், “அக்கா, எனக்கது மட்டுமாவது கொண்டுவந்து விரிக்கட்டா? உள்ள மணம் ஒருமாதிரி வருது.”

“இப்ப விரிச்சு, அவரு வந்து ஏறினா?”

“வரல்லேண்ணா?”

சரோஜம் ரோட்டைப் பார்த்தாள். மூன்றரை மணி பஸ்ஸுக்குப் பிறகு கனகதாஸ் சைக்கிளில் வந்து, நாளைக்காக்கும் என்றான். கும்பத்தில் அபூர்வமாக வருகிற மேகம் அன்று இரவில் வந்து, மழை பெய்யாமல், விடியும்வரை புழுங்க வைத்துவிட்டுப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. ஆப்பீசரின் பெயர் மோகனன். முப்பது வயதுகூட இருக்காது. ஏறி வந்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார், சூட்டில் துள்ளினார், ஓலைநடையில் ஏறி நின்று சிரித்தார். கெட்ட மனிதர் என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்கு விளிம்பில் நின்று கடல் ஒரு கோடாகத் தெரிவதைப் பார்த்தார். திரும்பி அகஸ்தியர் மலையைப் பார்த்தார். “எத்ர நல்ல ஸ்தலம்” என்று தனக்குள்போலச் சொல்லிக்கொண்டார்.

பிறகு காகிதத்தை எடுத்து மலையாளத்தில் கேட்டார். வந்தவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதிலேயே பதில் சொல்வது இந்த ஊர் வழக்கம். சரோஜமும் மலையாளத்தில் சொன்னாள்.

“இவிடெ ஆரெங்கிலும் தாமசிக்குந்நுண்டோ?” இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார்.

“இல்ல சாரே. இவிடெ ஆருக்கும் வந்நு இரிக்காம். ஒரு தடசவும் இல்ல.”

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், தடையில்லை என்று விருந்தாளியிடம் சொல்கிற சொல் அது. அவர் எழுதிக்கொண்டார். பாதை யார் போட்டது, சுனை எப்படி, எந்த நேரத்தில் ஆட்கள் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்கச் சரோஜத்துக்கு உற்சாகம் வந்தது. இதுவரை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நாலு மணிக் கணக்கையும், பத்துமுழ விளிம்பையும், ஓலைக்கீற்று வழுக்காமல் இருக்க எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதையும் விளக்கினாள். அவர் ஒரு படம் வரைந்து, அதில் இதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

கடைசியில்தான் அவள் சொன்னாள், “சாரே, நாங்க இஞ்ச மரச்சீனி உணக்கியோம். பதினோரு வீடு.” பதற்றத்தில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

அவர் பாறையைச் சுற்றிப் பார்த்தார். “எவிடெ?”

“சாரு வாறதுனால ஒழிச்சு வச்சிருக்கோம். வீட்டுல உண்டு.”

“எனக்காகவா? வேண்டாயிருந்நு” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருக்கும் கொஞ்சம் தமிழ் வரும். “எத்தனை நாளாச்சு மாற்ற?”

“அரைநாளு சாரே” என்றாள் சரோஜம். அவளுக்கு அதில் பெருமை உண்டு. “மத்தியானத்துக்குள்ள மொத்தமும் எறக்கிட்டோம்.”

“அரைநாள்ல பதினோரு வீடும்.” அவர் தலையாட்டி வியந்தார். “அப்போள் முற்றத்துல வச்சாலும் உணங்கும், இல்லே?”

இந்த இடத்தில் சரோஜம் முதலில் சொன்னது ஒரே ஒரு சொல். பெரிய ஆள் எதைக் கேட்டாலும் முதலில் ‘ஓ, சாரே’, ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். இல்லை என்று தொடங்குவது முகத்தில் அடிக்கிற மாதிரி. “ஓ, சாரே” என்றாள். அவர் குனிந்து எழுதினார். “ஆனா சாரே, முற்றத்துல மரநெழலு உண்டு. மண்ணுல ஈரம் உண்டு. பாறைண்ணா அடியில இருந்தும் சூடு...” அவர் நிமிர்ந்து, எல்லாவற்றையும் கேட்டார். பாதியில் குறுக்கிடவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியிருந்தார்.

காப்பி குடித்தார். இத்தனை சுத்தமாக ஒரு இடத்தை ஜனங்களே வைத்திருப்பதை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். ஜீப் போனதும் பதினோரு வீட்டாரும் கடவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முற்றத்தில் கிடந்தது எப்படியோ தேறியது. உள்ளே பாயில் பரப்பினது நூல் இழுத்தது. பாறையில் விரித்து மேலே காயவைத்தாலும், ஒடித்துப் பார்த்தால் நடுவில் கறுத்த புள்ளி. சிலதில் இளஞ்சிவப்பாகப் பூசணம். புளித்த கள்ளின் மணம். சரோஜம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக ஒடித்து முகர்ந்து பிரித்தாள். நல்லது ஒரு குவியல், ஆட்டுக்கு ஒரு குவியல், குழிக்கு ஒரு குவியல். குழிக்கான குவியல்தான் பெரிது.

தங்கையன் கேட்டான், “விளையில இன்னும் எவ்வளவு நிக்குது?”

“பாதி.”

“அப்ப சாரமில்ல, கவலப்படாத. மீனம் பத்தாந்தேதிக்குள்ள புடுங்கி உணக்கிருவோம்.”

“ஆமா” என்றாள். “பாறை இருக்குல்லா.”

ஆனால் மோகனனின் ஆப்பீசில் பணத்தை மார்ச்சு மாதத்தோடு வருடக்கணக்கு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமாம். சர்க்கார் காரியம் இத்தனை வேகமாக நடந்து அந்த ஊர் பார்த்ததில்லை. மீனம் பிறந்த அன்றே கம்பியும் சிமிந்தும் வந்து இறங்கின. பத்தாம் நாள் வேலியும் இரும்புக் கேட்டும் நின்றன. கேட்டில் ஒரு பலகை. எழுத்து மலையாளத்திலும் இங்கிலீஷிலும். பிரேமகுமாரி நின்று படித்தாள். வருபவர்கள் ஓலைநடையில் மட்டும் நடக்க வேண்டும். மேல்சுனை குடிப்பதற்கு, கீழ்ச்சுனை கால் கழுவுவதற்கு. மேற்கு விளிம்பு உட்காருவதற்கு. நேரம் மாலை நாலு முதல் ஆறரை. பாறையில் எந்தப் பொருளும் உணக்கக் கூடாது.

“கடைசி ஒண்ணு நீங்கலா எல்லாம் நீ சொன்னதாக்கும் அம்மா” என்றாள்.

சரோஜமும் சௌதாமினியும் பகுதிக்கச்சேரிக்குப் போனார்கள். அங்கே நிலக்கணக்கு பார்க்கிற பார்வத்தியக்காரர் வயதானவர், அவர்களை உட்காரச் சொன்னார். “நான் எழுதினா பைலு மேல போவும், மேலயிருந்து கீழ வரும். நவம்பர்ல கோடு போடுவாவளாம். அதுவரைக்கும் நிலம் பற்றிய எந்தப் பிராதும் எடுக்கப்பிடாதுண்ணு உத்தரவு.”

“அப்ப வேலி கெட்டினது?”

“அது உத்தரவுக்கு முந்தி அனுமதி ஆனது.” கையைத் தூக்கிக் காட்டினார். “தாலுகாவுல போயி ஆப்பீசரு எழுதினதப் பாருங்க. அதுல ஆருக்கும் ஆட்சேபணை இல்லண்ணு உண்டு. ஊர்க்காரர் சொன்ன மொழி அப்படியே உண்டு. பொய்யாட்டு ஒண்ணும் எழுதல்ல கேட்டியளா.”

பொய்யாக ஒன்றும் எழுதவில்லை என்பது சரோஜத்துக்கும் தெரியும். அதுதான் எங்கே போய் என்ன சொல்வதென்று தெரியாமல் ஆக்கியது. நெய்யாற்றின்கரைக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை இருந்த ஆள், இது திருவனந்தபுரம் காரியம் என்றார்.

ராஜதாஸ் ஒரு மனுவோடு வந்தான். தமிழர் என்பதால் பாறையிலிருந்து விரட்டப்பட்டோம் என்று அதில் எழுதியிருந்தது.

“சௌதாமினியையும்தானே வெரட்டினாவ” என்றாள் சரோஜம்.

“அதயெல்லாம் எழுத முடியாது அக்கா. மனு நிக்கணும்லா.”

“இத ஆருட்ட குடுப்ப?”

“எங்க கூட்டத்துத் தலைவரிட்ட.”

“அவரு?”

ராஜதாஸ் மடங்காத விரலைத் தடவிக்கொண்டான். “நெய்யாற்றின்கரையே போச்சு. அவியளுக்கு இப்ப நாகர்கோயிலுல ஆயிரம் சோலி. குடுத்துப் பாப்போம். எனக்கு வேற என்ன செய்யக் கழியும்?” அன்று ஒழிக்காதே என்று சொன்னதை அவன் ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கையெழுத்துப் போட்டாள். சௌதாமினிக்குத் தெரியாமல் போட்டதால் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மனுவுக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

கிழங்கோ விளையில் நின்றுகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் பிடுங்காவிட்டால் நீர் கோத்து அழுகும். பச்சையாக விற்கலாம் என்றால் எல்லா விளையும் ஒரே சமயத்தில் பிடுங்குகிற காலம், கேட்பாரில்லை. சரோஜம் யோசித்துப் பார்த்தாள். மண்ணாக இருக்கக் கூடாது, மரநிழல் கூடாது, அடியிலிருந்து சூடு வேண்டும். அப்படிப்பட்ட இடம் இனி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

காங்கிரீட்டு ரோட்டின் ஓரத்தில் அவித்த கிழங்கை விரித்தாள். மற்ற வீட்டாரும் வந்தார்கள். இங்கேயும் வரிசை பிரித்துக் கொடுத்தாள். வளைவில் யாரும் விரிக்கக் கூடாது, மேட்டில் விரித்தால் டிரைவருக்குத் தூரத்திலேயே தெரியும் என்று இடம் பார்த்தாள். நாகர்கோவில் பஸ் டிரைவர்கள் இரண்டு நாளில் பழகி ஒதுக்கி ஓட்டினார்கள். ஒருவர் நிறுத்தி, “அம்மோ, இத இன்னும் கொஞ்சம் ஓரமா தள்ளப்பிடாதா?” என்று கேட்டார். “ஓரத்துல மண்ணாக்கும் அண்ணா” என்றாள். அவரும் மேலே பேசவில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு, குவிக்கத் தொடங்குகிற நேரத்திலேயே, பாறைக்குப் போகிற கார்கள் வந்தன. அவர்களுக்கு ரோடு பழக்கமில்லை. எதிரே பஸ் வந்தால் கிழங்கின் மேலேதான் ஏறி ஒதுங்குவார்கள். சரோஜம் பனைமட்டையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்பாள். சிலர் ஜன்னலில் கைநீட்டிப் பதிலுக்கு ஆட்டிவிட்டுப் போனார்கள். அள்ளும்போது டயரின் வரி பதிந்த துண்டுகளை அவள் ஒதுக்க முயன்றாள். ஒதுக்கினால் பாதி போய்விடும் என்று தெரிந்ததும் திரும்ப அள்ளிச் சேர்த்துக்கொண்டாள்.

இடவம் பாதியில் மழை பிடித்தது. பிடித்தால் விடாத மழை. வேலையில்லாத ஒரு மத்தியானம், மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்தார்கள். வாட்டுக்கிழங்கை ஊறவைத்து, அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துப் போட்டுக் கிளறியிருந்தாள். நல்ல மணம். தங்கையன் ஒரு வாய் வைத்து மென்றான். பல்லுக்கடியில் நறநறவென்றது. மென்றதை நிறுத்தி, நாக்கால் தேடி, ஒரு பொடிக்கல்லை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தான்.

“மூணு வெள்ளம் மாத்திக் கழுவினேன்” என்றாள் சரோஜம்.

“கழுவினா போற மண்ணில்ல. ஈரத்துல டயரு ஏறினதுல்லா, உள்ள அமுங்கிப்போச்சு.”

“நாளைக்கு அஞ்சு வெள்ளம் கழுவுதேன்.”

“அஞ்சு வெள்ளம் கழுவினா கெழங்குக்க ருசி போயிரும். இருக்கட்டு.” அடுத்த வாயை எடுத்தான். “ஊறுகா இருந்தா கொஞ்சம் வை.”

பிரேமகுமாரி தலையைக் குனிந்து, கடிக்காமல் நாக்கால் நசுக்கிப் பார்த்து, கல் இல்லை என்று தெரிந்த பிறகு விழுங்கினாள். சரோஜமும் அப்படியே செய்து பார்த்தாள். அதுதான் நல்ல வழியாக இருந்தது. அவசரப்படாவிட்டால் பல்லில் படாது.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் யாரும் வேகமாகச் சாப்பிடவில்லை.